பார்த்தும் கண்ணில் படாத பைக்: காரில் இருப்பவரும் பைக்கில் வருபவரும் செய்ய வேண்டியவை

சந்திப்பில் ஒரு கார் நிற்கிறது. ஓட்டுநர் ஒரு பக்கம் பார்க்கிறார், மறுபக்கம் பார்க்கிறார், ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். அடுத்த நொடி காரின் பக்கவாட்டில் ஒரு பைக் வந்து மோதுகிறது. பதறி இறங்கும் ஓட்டுநர் முதலில் சொல்வது எந்த ஊரிலும் ஒன்றுதான்: “பார்த்துட்டுத்தானே எடுத்தேன், யாருமே இல்லையே!” சுற்றி நிற்பவர்கள் நம்ப மாட்டார்கள். பட்டப்பகல், நேரான சாலை, ஆளோடு வரும் பைக். அது எப்படித் தெரியாமல் போகும்?

பெரும்பாலும் அவர் சொல்வது பொய்யல்ல. பார்வை அந்தப் பக்கம் போயிருக்கிறது, பைக் கண்ணில் படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900-க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்த ஹர்ட் அறிக்கை 1981-ல் வெளியானது. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய அந்த வாகனம் விடாமல் பைக்கின் பாதையில் குறுக்கிட்டிருந்தது. பிறகு ஐரோப்பாவில் 5 நாடுகளில் 921 விபத்துகளை அலசிய மெய்ட்ஸ் ஆய்வும் இதையே காட்டியது: மற்ற வாகன ஓட்டுநர் செய்த தவறுகளில் 70 சதவீதத்துக்கும் மேல், பைக் வருவதையே கவனிக்காத தவறு.

இதற்கு மருந்தாக “கவனமா ஓட்டுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. கண்ணுக்கு இன்ன இன்ன இடத்தில் குறை உண்டு என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஒவ்வொரு குறையையும் ஈடுகட்ட ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கங்களைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் வீட்டிலேயே இரண்டு சோதனைகள்

இவற்றைச் செய்து பார்க்காமல் மேலே படித்தால் பாதிதான் நம்பிக்கை வரும். மொத்தம் 2 நிமிடம்தான் ஆகும்.

முதல் சோதனைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ அது துல்லியமாகத் தெரியும். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. காட்சி கலங்கலாகத் தெரியாமல் இருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. விடுபட்ட இடம் விடுபட்டதாகவும் தெரியாது. முன்னும் பின்னும் கண்டதை ஒட்டவைத்து, ஒரே ஓட்டமாகப் பார்த்த உணர்வை மூளை நமக்குத் தந்துவிடும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு வெள்ளைத்தாள் வேண்டும். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து சரியாக 8 செ.மீ. வலப்பக்கம் 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே பாருங்கள். தாளை அரை மீட்டர் தூரத்திலிருந்து மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டையோ கறுப்போ தெரியாது, வெறும் வெள்ளைத்தாள்தான் தெரியும். அப்போது புள்ளியின் பிம்பம் கண்ணுக்குள் விழுவது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில். அங்கே ஒளியை உணரும் செல்கள் இல்லை. இந்தக் குருட்டுப்புள்ளியின் அகலம் 5 டிகிரிக்குச் சற்று மேல். சாலையில் 20 மீட்டர் தள்ளி அளந்தால் ஏறக்குறைய 2 மீட்டர். ஆளோடு ஒரு பைக் அதில் தாராளமாக அடங்கிவிடும்.

இரண்டு கண்களும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும் என்பது சரிதான். ஆனால் ஒரு கண்ணின் பார்வையைக் காரின் தூண் மறைத்துவிட்டால்? அதற்குப் பிறகு வருவோம்.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம், சுமார் 2 டிகிரி, அவ்வளவுதான் உங்கள் கூர்மையான பார்வையின் அகலம். மையத்திலிருந்து 20 டிகிரி தள்ளினால் கூர்மை பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவதாக நாம் உணர்வது, அந்த நகத்தளவு ஜன்னல் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவிச் சேகரித்ததை மூளை கோத்துக் காட்டுவதால்தான்.

சந்திப்பில் எப்படிப் பார்ப்பது

இப்போது அந்தச் சந்திப்புக்கே திரும்புவோம். “இரண்டு பக்கமும் பார்த்தேன்” என்பவர் பெரும்பாலும் செய்வது, தலையை ஒரு வீச்சில் திருப்புவது. அந்த ஒரு வீச்சில் கண் இரண்டோ மூன்றோ இடத்தில்தான் நின்றிருக்கும். நின்ற இடங்களில் லாரியும் காரும் இருந்தால் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவை அகலமானவை, ஓரப்பார்வையிலும் சிக்கும். 50 மீட்டரில் வரும் பைக்கின் அகலமோ அரை நகத்துக்கும் குறைவு. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே அது இருந்தால், அது இருந்த சுவடே உங்களுக்குத் தெரியாது. வேகமாகத் தலையைத் திருப்பும் அளவுக்குத் தாவல் பெரிதாகிறது, நடுவில் விடுபடும் இடமும் பெரிதாகிறது. அவசரத்தில் பார்ப்பதும் பார்க்காததும் ஏறக்குறைய ஒன்று.

விமானிகளுக்கு வானத்தில் மற்ற விமானங்களைத் தேடக் கற்றுத்தரும் முறை இதற்கு நேரடியாக உதவும். ஒரு முறைக்கு 10 டிகிரிக்கு மேல் கண்ணை நகர்த்தாமல், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 1 நொடி கண்ணை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு. நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. சாலையில் அவ்வளவு நேரம் எப்போதும் கிடைக்காது, ஆனால் கொள்கை அதேதான்: கண் நிற்கும்போதுதான் காண்கிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

1. கோட்டுக்கு வரும்போதே வேகத்தைக் குறைத்து, பார்த்து முடிக்கும் வரை காரை நிறுத்தியே வையுங்கள். உருட்டிக்கொண்டே பார்த்தால் தேடலுக்கான நேரத்தைக் கார் தின்றுவிடும்.

2. எந்தப் பக்கத்து வண்டி முதலில் உங்கள் பாதைக்கு வருமோ அந்தப் பக்கத்தில் தொடங்குங்கள். சாலையின் தொலைவில் கண்ணை நிறுத்துங்கள், பிறகு நடுத்தூரத்தில், பிறகு அருகில், தூணின் விளிம்பு வரை. மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் அரை நொடிக்குக் குறையாமல்.

3. மறுபக்கமும் அதே மூன்று நிறுத்தம்.

4. மீண்டும் முதல் பக்கம். இந்த இரண்டாவது பார்வையை யாரும் விட்டுவிடக் கூடாது. முதல் முறை விடுபட்ட பைக் இதற்குள் வேறு இடத்துக்கு வந்திருக்கும், உங்கள் கண்ணும் வேறு இடங்களில் நிற்கும். ஒரே ஓட்டையில் அது இரண்டு முறை விழுவது அரிது.

5. கிளம்பும்போது முதல் ஒரு மீட்டரை மெதுவாக எடுங்கள், கண் இன்னும் சாலையின் மீதே இருக்கட்டும். போக வேண்டிய திசைக்குக் கண்ணை உடனே திருப்பிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

மொத்தம் 5 அல்லது 6 நொடி. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கிட்டுத் திரும்பும்போது ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். எதிரே வரும் பஸ்ஸோ வேனோ கடந்ததும் “போயிடுச்சு” என்று உடனே திருப்பாதீர்கள். அதன் பின்னால், அதன் மறைவில், ஒரு பைக் ஒட்டி வந்துகொண்டிருக்கலாம். பெரிய வண்டி விலகிய பிறகு அதன் பின்னிருந்த சாலை முழுதாகத் தெரியும் வரை, ஒரு நொடியாவது, காத்திருங்கள்.

முன்தூண் செய்யும் வேலை

முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கி நிற்கும் தூணை ஒர்க்‌ஷாப்பில் ஏ-பில்லர் என்பார்கள். கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க அதைத் தடிமனாகச் செய்கிறார்கள். உள்ளே காற்றுப்பையும் வைத்தால் இன்னும் தடிமன். உயிரைக் காக்கும் அதே தூண்தான் சாலையில் போகும் பைக்கை மறைக்கிறது.

எவ்வளவு மறைக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் தீவிரம் புரியும். உங்கள் கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில், 10 செ.மீ. அகலமாகத் தெரியும் ஒரு தூண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 6.5 செ.மீ. தூண் அதைவிட அகலமாக இருப்பதால், இரண்டு கண்ணாலும் பார்க்க முடியாத ஒரு பட்டை அதன் பின்னால் விரிந்துகொண்டே போகிறது. 10 மீட்டர் தூரத்தில் அரை மீட்டருக்குச் சற்று மேல். 20 மீட்டரில் 1 மீட்டருக்கு மேல். 40 மீட்டரில் 2 மீட்டர். எதிரே நின்று பார்த்தால் ஆளோடு ஒரு பைக்கின் அகலம் 80 செ.மீ. அளவுதான். ஆக, 20 மீட்டரில் ஒரு பைக் முழுதாக மறைந்துபோகும், 40 மீட்டரில் இரண்டு பைக் அருகருகே மறையும்.

பட்டைக்கு வெளியே ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியும் இடம் ஒன்று உண்டு. மற்றக் கண்ணைத் தூண் மறைத்திருக்கும். அங்கே இருக்கும் பைக் அந்த ஒற்றைக் கண்ணின் குருட்டுப்புள்ளியில் விழுந்தால், தாளில் புள்ளி மறைந்தது போல அதுவும் மறையும். மூளை அந்த இடத்தைக் காலிச் சாலையால் நிரப்பிவிடும்.

ஒரு நொடி மறைந்தாலும் அடுத்த நொடி வெளியே வந்துவிடுமே என்று தோன்றும். மோதப்போகும் பைக் அப்படி வெளியே வருவதில்லை. ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு சாலைகளில் காரும் பைக்கும் மாறாத வேகத்தில் வந்து ஒரே நேரத்தில் ஒரே இடத்தை அடையப்போகின்றன என்றால், காரிலிருந்து பார்க்கும்போது பைக் இருக்கும் கோணம் மாறவே மாறாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். தூணின் பின்னால் ஒரு முறை புகுந்துவிட்டால் மோதும் வரை அங்கேயே இருக்கும். கடலில் கப்பல் மாலுமிகள் அஞ்சும் நிலையும் இதுதான்: திசை மாறாமல் நெருங்கும் கப்பல் மோதப்போகும் கப்பல்.

இதற்குச் செய்ய வேண்டியது மிக எளிது. தலையை நகர்த்துங்கள். தூணைக் குறுக்கிடும் திசையில் தலையை 15 செ.மீ. நகர்த்தினால், மேலே சொன்ன கணக்குப்படி, 20 மீட்டர் தொலைவில் அந்த மறைவுப்பட்டை 4 மீட்டர் நகர்ந்துவிடும். சந்திப்பில் நிற்கும்போது ஸ்டியரிங்கை நோக்கி ஒரு முறை முன்னால் சாய்ந்து பாருங்கள், பக்கவாட்டில் ஒரு முறை சாய்ந்து பாருங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கோழி தலையாட்டுவது போல இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நிற்காமல் நெருங்கும் ரவுண்டானா போன்ற இடங்களில், தலையை அசைப்பதோடு வேகத்தையும் மாற்றுங்கள். வேகம் மாறினால் கோணம் மாறும், மறைந்திருந்தது வெளியே வரும்.

உங்கள் காரின் தூண் எவ்வளவு மறைக்கிறது என்று ஒரு முறை அளந்து வைப்பது நல்லது. ஆளில்லாத திறந்த இடத்தில் காரை நிறுத்தி, வழக்கமாக உட்காரும் நிலையில் சீட்டில் உட்காருங்கள். பைக்கோடு ஒருவரை 20 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, பைக்கை உருட்டியபடி குறுக்காக மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல் பாருங்கள். அவர் முழுதாக மறையும் இடத்தையும் மீண்டும் தெரியும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத் தூணுக்கும் செய்யுங்கள். ஆளும் வண்டியும் சத்தமில்லாமல் மறைந்து போவதை ஒரு முறை பார்த்தவர் அதன் பிறகு சந்திப்பில் தலையை அசைக்க மறப்பதில்லை.

தூணை மெலிதாக்க முடியாது, ஆனால் அதை மேலும் அகலமாக்காமல் இருக்கலாம். தூணின் ஓரத்தில் ஒட்டிய போன் ஹோல்டர், கண்ணாடி மூலையில் வரிசையாக ஒட்டிய ஸ்டிக்கர்கள், உள்கண்ணாடியில் தொங்கும் பொம்மை, வைப்பர் எட்டாத மூலையில் படிந்த தூசி எல்லாம் தூணின் அகலத்தைக் கூட்டுகின்றன. போன் ஹோல்டரை டாஷ்போர்டின் நடுவில், கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கீழே வையுங்கள்.

தெரிந்தும் தூரம் தப்பாகப் படுவது

பைக் கண்ணில் பட்ட பிறகும் “அது வர இன்னும் நேரமிருக்கு” என்று எடுத்து மோதுவது உண்டு. வருகிற வண்டி எப்போது வந்து சேரும் என்பதை, அது எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் கண் கணிக்கிறது. குறுகலான பைக் நெடுநேரம் பெரிதாவதே தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் 100 மீட்டரில் கால் நக அகலம். அங்கிருந்து 3 நொடியில் 50 மீட்டருக்கு வரும்போது அரை நகம். அடுத்த ஒன்றரை நொடியில் ஒரு நகம். அதற்கடுத்த முக்கால் நொடியில் இரண்டு நகம். கடைசியில்தான் திடீரென்று ஊதிப் பெருக்கிறது, “எங்கிருந்தோ பாய்ந்து வந்தான்” என்று ஓட்டுநர் சொல்வதும் அதனால்தான். பைக் பாயவில்லை, சீராகத்தான் வந்தது.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கார், தன் நீளத்தோடு ஒரு லேனைக் கடந்து முடிக்கச் சுமார் 3 நொடி ஆகும். அரை நகமாகத் தெரியும் பைக்குக்கு அதே 3 நொடிதான் இருக்கிறது. ஆகவே பைக் என்றால், கண் சொல்லும் இடைவெளியை நம்பாமல், கார் வந்தால் விடுவதைவிட ஒரு மடங்கு கூடுதலாக விடுங்கள். சந்தேகமாக இருந்தால் பைக் கடக்கட்டும்.

இரவில் இது இன்னும் மோசமாகும். காரின் இரண்டு விளக்குகள் நெருங்க நெருங்க ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதை வைத்துக் கண் தூரத்தைக் கணிக்கும். ஒற்றை விளக்கில் அப்படி விலக எதுவுமில்லை. அது தொலைவில் இருக்கும் காரின் விளக்காகவோ, பின்னால் வரும் காரின் விளக்குகளில் ஒன்றாகவோகூடத் தோன்றும். இரவில் ஒற்றை விளக்கைக் கண்டால், அது அருகில் இருக்கும் பைக் என்று எடுத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும்

கண் சரியாக வேலை செய்தாலும் மனம் விட்டுவிடுவது உண்டு. பந்து எத்தனை முறை கை மாறுகிறது என்று எண்ணச் சொல்லிவிட்டு நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவரை நடக்கவிட்ட சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999-ல் சைமன்ஸும் சாப்ரிஸும் வெளியிட்டது. பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொரில்லாவைக் கவனிக்கவில்லை. சந்திப்பில் காரையும் லாரியையும் தேடும் மனம் பைக்கைக் கழித்துவிடுவதும் இதே வகைதான். தாங்களும் பைக் ஓட்டும் கார் ஓட்டுநர்கள் பைக்கோடு மோதுவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். அவர்கள் கண் பைக்கைத் தேடியே போகிறது.

பைக் ஓட்டாதவர்கள் இதைப் பழக ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் “வண்டி வருதா?” என்று கேட்டுக்கொள்வதற்குப் பதில் “பைக் எங்கே?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண்டதும் “பைக்” என்று சொல்லுங்கள். இது வெறும் சடங்கல்ல. தலையைத் திருப்பி மறுபக்கம் பார்க்கும் இரண்டு நொடிக்குள், கண்ட பைக்கை மனம் மறந்துவிடுவதும் நடக்கிறது. வாய்விட்டுச் சொன்னது அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

லேன் மாறும்போதும் கதவு திறக்கும்போதும்

பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் உடல் அகலமாகத் தெரிந்தால், அந்த அளவுக்குச் சாலையை இழக்கிறீர்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு, தலையைப் பக்கத்து ஜன்னலில் படும் அளவுக்குச் சாய்த்து, அந்த நிலையில் காரின் பின்பக்க ஓரம் லேசாகத் தெரியும் வரை கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். மறுபக்கத்துக்கு, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையைச் சாய்த்து அதையே செய்யுங்கள். நேராக உட்கார்ந்தால் உங்கள் கார் தெரியாது, முதல் சில நாள் கலவரமாக இருக்கும், பிறகு பழகிவிடும். பின்னால் நேராக இருப்பதை உள்கண்ணாடி காட்டும், பக்கத்தில் இருப்பதை இவை காட்டும். இவ்வளவுக்குப் பிறகும், வெளிப்புறம் வளைந்த பக்கக் கண்ணாடி (குவிகண்ணாடி) வண்டியைத் தூரமாகக் காட்டும் என்பதையும், பைக் நுழைய ஓர் இடுக்கு போதும் என்பதையும் மறக்க வேண்டாம். இண்டிகேட்டரைப் போட்டு 3 நொடி விட்டு, தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்து, அதன் பிறகே நகருங்கள்.

நிறுத்திய காரின் கதவை, அதற்கு அருகில் இருக்கும் கையால் திறக்காமல் தள்ளியிருக்கும் கையால் திறங்கள். உடல் தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும்.

பைக்கில் வருபவர் செய்யக்கூடியவை

மேலே சொன்னதெல்லாம் காரில் இருப்பவர் செய்ய வேண்டியது. அவர் செய்வார் என்று நம்பிப் பைக்கை ஓட்ட முடியாது. அவருடைய கண் எங்கே தவறும் என்பது தெரிந்துவிட்டதால், அந்த இடங்களில் நிற்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெரிய வண்டியின் வாலை ஒட்டிச் சந்திப்பைக் கடக்காதீர்கள். காத்திருக்கும் ஓட்டுநருக்கு லாரிதான் தெரியும், லாரி போனதும் காலி என்று நினைத்து எடுப்பார். 2, 3 நொடி பின்தங்கி வந்தால் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே சாலை தெரியும், அதில் நீங்களும் தெரிவீர்கள். சந்திப்புக்கு முன்னால் ஓவர்டேக் செய்வதும், நின்றிருக்கும் வரிசையைத் தாண்டிப் போவதும் இதே காரணத்தால் ஆபத்து. வரிசையில் ஒருவர் வழிவிட்டுக் கையசைத்தால், அந்த இடைவெளியில் நுழையும் கார் உங்கள் மீதுதான் வரும்.

நேர்க்கோட்டில் வரும் பைக் பின்னணியில் ஒட்டிக்கொண்டது போல அசையாமல் தெரியும். அந்த ஒட்டை உடைக்கப் பக்கவாட்டு அசைவு உதவும். முன்னால் ஒரு கார் சந்திப்பில் காத்திருப்பதைக் கண்டால், 60 கி.மீ. வேகத்தில் என்றால் 70, 80 மீட்டர் இருக்கும்போதே, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டு, லேனுக்குள்ளேயே ஒரு மீட்டர் அளவுக்கு மெல்லப் பக்கவாட்டில் போய்த் திரும்பி வாருங்கள். ஓரப்பார்வைக்குக் கூர்மை குறைவு, ஆனால் அசைவை நன்றாகப் பிடிக்கும். ஈரச்சாலை, மணல், நெரிசல் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள்.

உடையிலும் விளக்கிலும் பலன் உண்டு. 2004-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதி ஆய்வொன்றில், ஒளிரும் அல்லது பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்கள் விபத்தில் காயமடையும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் எரிந்தால் 27 சதவீதம் குறைவு. வாங்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒளிரும் மஞ்சளும் ஆரஞ்சும் பகல் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும், இரவில் அவற்றால் பெரிய பயனில்லை. இரவில் வேலை செய்வது விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டை. இரண்டும் சேர்ந்த ஜாக்கெட்டை எடுங்கள். பட்டையை ஹெல்மெட்டின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும், சக்கர விளிம்பிலும் ஒட்டுங்கள்.

பகலில் ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள், ஹை பீம் கண்ணைக் கூசவைத்துத் தூரக் கணிப்பை இன்னும் கெடுக்கும். கூடுதல் விளக்கு பொருத்துவதென்றால், ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டை முடிந்தவரை தள்ளித்தள்ளிப் பொருத்துங்கள். முக்கோணமாகத் தெரியும் மூன்று விளக்கு, நெருங்கும்போது விரிவதால், ஒற்றை விளக்கைவிட வேகத்தைச் சரியாகக் காட்டும்.

காலையிலும் மாலையிலும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது நீளமாக உங்களுக்கு முன்னால் விழுந்தால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கிறது. உங்களுக்குச் சாலை பளிச்சென்று தெரியும், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த நேரத்தில் எதிரே திரும்பக் காத்திருக்கும் ஒவ்வொரு காரும் திரும்பும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அணைக்க மறந்த இண்டிகேட்டர் பைக்குக்கே உரிய ஆபத்து. பல பைக்குகளில் அது தானாக அணையாது. “இவர் திரும்பப் போகிறார்” என்று நம்பி எதிரே நிற்பவர் எடுத்துவிடுவார், அவர் மீது தவறு சொல்லவும் முடியாது. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் கட்டைவிரலால் சுவிட்சை ஒரு முறை அழுத்தும் பழக்கம் வேண்டும்.

பிரேக் விளக்கைச் சோதிக்க இரவில் பைக்கின் பின்புறம் ஒரு சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முன் பிரேக் லீவரை லேசாகத் தொடும்போதே சுவரில் சிவப்பு கூடுகிறதா, காலால் மிதிக்கும்போதும் கூடுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு சுவிட்ச், ஒன்று பழுதானால் மற்றது அதை மறைத்துவிடும். கியர் குறைத்து வேகத்தைக் குறைக்கும்போது பொதுவாக விளக்கு எரியாது. பின்னால் வண்டி இருந்தால் லீவரை லேசாகத் தொட்டு எரியவிடுங்கள்.

கடைசியாக, காத்திருக்கும் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர் உங்களை நேராகப் பார்ப்பது போலத் தெரிந்தும் உங்களைக் கண்டிருக்க மாட்டார் என்பதுதான் இவ்வளவு நேரம் பார்த்த விஷயம். அவருடைய முன்சக்கரத்தைப் பாருங்கள். காரின் உடல் நகர்வது கண்ணுக்குப் படும் முன்பே சக்கரத்தின் மேல்விளிம்பும் ஆரங்களும் சுழல்வது தெரிந்துவிடும். திரும்பும் திசையையும் அதுவே முதலில் காட்டும். அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, முன் பிரேக் லீவரில் இரண்டு விரலையும் பின் பிரேக்கில் காலையும் தயாராக வைத்திருங்கள். 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதில் போகும் அரை நொடிக்கு 8 மீட்டர் கடந்துவிடுகிறது. 60-ஐ 50 ஆகக் குறைத்தால், 1 நொடியில் சுதாரித்து நன்றாகப் பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரம் இன்னும் 9 மீட்டர் குறையும். இரண்டையும் சேர்த்தால் நான்கு கார் நீளம். சக்கரம் அசைந்த கணத்தில் அந்த நான்கு கார் நீளம் உங்களிடம் மிச்சமிருக்கும்.